பாட்டுப்பெட்டியின் பொத்தான் யார் கையில்?

படுக்கையில் இருக்கும் நோயாளிக்குத் தம் விருப்பப்படி நடக்கும் காரியங்கள் மிகச் சிலவே. ஊசி எப்போது, கஞ்சி எப்போது, விளக்கை அணைப்பது எப்போது, பார்க்க வருவோர் எத்தனை பேர் என அனைத்தையும் பிறரே முடிவு செய்கிறோம். சிகிச்சைக்கு அது தேவைதான். ஆயினும், நாள் முழுவதும் பிறர் சொற்படியே நடக்கும் ஒருவருக்குத் தாமே தீர்மானிக்கும்படியாக ஏதேனும் ஒன்று மிஞ்ச வேண்டும். கேட்கும் பாட்டு அப்படிப்பட்ட ஒன்றாக இருக்கலாம். பாட்டு அவருடையதாக வேண்டுமானால் கருவியும் அவருடையதாக, அவர் கைக்கு எட்டுவதாக, அவர் கைக்கு அடங்குவதாக இருத்தல் வேண்டும். இக்கட்டுரையில் நாங்கள் வலியுறுத்த விரும்புவது இதுவே.

நீண்ட நாள் படுக்கையில் இருப்போர், பக்கவாதத்தில் கை கால் தளர்ந்தோர், வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்வோர், மறதி நோய் கண்ட முதியோர், வலி தணிப்புச் சிகிச்சையில் இருப்போர் ஆகியோரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பாட்டுக் கேட்கலாமா?” கேட்கலாம் என்பதே விடை. ஆனால் எந்தக் கருவியில், யார் தேர்ந்த பாட்டை, எவ்வளவு ஒலியில் என்ற மூன்று கேள்விகளும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. அவற்றையும் கேட்டுவிட்டால்தான் பாட்டு பயன் தரும்.

கைப்பேசி போதாதா?

பெரும்பாலான வீடுகளில் பாட்டுக்கருவி என்றால் இன்று கைப்பேசிதான். அதைத் தலையணை ஓரத்தில் வைத்துப் பாட்டை ஒலிக்கவிடுகிறோம். அன்பினால் செய்யும் காரியம் அது. எனினும் அதில் சில சிக்கல்கள் உள்ளன.

மண்ணரையிலும் ஊத்துக்குளி சாலையை ஒட்டிய பகுதிகளிலும் வாழும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். பகலில் நோயாளியின் அருகில் இருக்கும் மகன் இரவில் நிட்டிங் ஷிஃப்டுக்குப் போகிறார். பகலில் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் அமர்ந்து தைத்த மருமகள் இரவில் துணைக்கு வருகிறார். ஒவ்வொருவரும் வரும்போது கைப்பேசியும் வருகிறது. போகும்போது அதுவும் போய்விடுகிறது. பாட்டு யார் வருகிறாரோ அவருடைய பாட்டாகவே இருக்கிறது. பாட்டின் நடுவில் அழைப்பு வருகிறது, விளம்பரம் வருகிறது, பணம் அனுப்பியதற்கான அறிவிப்பு ஒலிக்கிறது. தொடுதிரையை இயக்க நடுங்கும் விரலாலும் மங்கிய கண்ணாலும் முடிவதில்லை. ஆகவே பாட்டைத் தொடங்கவும் நிறுத்தவும் நோயாளி இன்னொருவரை எதிர்பார்க்கிறார். பிடிக்காத பாட்டு ஓடினாலும், தலை வலித்தாலும், “போதும்” என்று சொல்லத் தயங்கி அமைதியாகப் படுத்திருப்போரும் உண்டு.

தனியான சிறிய பாட்டுக்கருவி ஒன்று இந்தத் தொல்லைகளை ஒருங்கே நீக்கும். மருந்துச் செலவே தாங்க முடியாதபோது இதற்கும் செலவா என்று கேட்கலாம். புதிதாக வாங்கியே ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய கைப்பேசியிலிருந்து சிம் கார்டை எடுத்துவிட்டு, விமானப் பயணத்துக்கான நிலையில் வைத்து, பாட்டை மட்டும் ஏற்றினால் அதுவும் பாட்டுப்பெட்டிதான். நோயாளியின் விரல் தொடுதிரைக்கு ஒத்துழைக்காவிட்டால், எஃப்.எம். வானொலியும் மெமரி கார்டும் உள்ள பொத்தான் கைப்பேசி அதனினும் நல்லது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

பாட்டு நோயைக் குணப்படுத்தும் என்று நாங்கள் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்வோரை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம். ஆனால் பாட்டினால் துணைப்பயன் உண்டு என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

பின்லாந்தின் ஹெல்சின்கி நகரில் பக்கவாதத்திற்குப் பின் தேறிவந்த 60 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவினருக்குக் கையில் எடுத்துச் செல்லக்கூடிய பாட்டுக்கருவியைத் தந்து, அவர்களே விரும்பிய பாடல்களை நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் இரண்டு மாதம் கேட்கச் செய்தனர். இன்னொரு குழுவினர் ஒலிநூல்களைக் கேட்டனர். மூன்றாம் குழுவினருக்கு இரண்டும் இல்லை. மூன்று குழுக்களுக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. 2008-இல் வெளிவந்த முடிவின்படி, பாட்டுக் கேட்ட குழுவினரிடம் சொல் நினைவாற்றலும் கவனமும் மற்ற இரு குழுக்களைவிட நன்றாகத் தேறியிருந்தன. மனச்சோர்வும் குறைவாக இருந்தது. கருவி நோயாளியின் கையில், பாட்டு நோயாளியின் விருப்பம், வேளை நாள்தோறும் என்ற மூன்றும் அந்த ஆய்வில் ஒருங்கே அமைந்திருந்ததைக் கவனியுங்கள்.

அறுவை சிகிச்சையைப் பற்றிய 73 ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை, பாட்டுக் கேட்டோருக்கு அறுவைக்குப் பிந்தைய வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மருந்தின் தேவையும் குறைந்தது என்று கூறியது. பாட்டை நோயாளியே தேர்ந்தாரா, பிறர் தேர்ந்தனரா என்பதால் பெரிய வேறுபாடு அதில் காணப்படவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவையன்று சில மணி நேரம் கேட்பதற்கு அது பொருந்தலாம். மாதக்கணக்கில் படுத்திருப்பவரின் நிலை வேறு. பிறர் தேர்ந்த பாட்டை ஒருநாள் பொறுத்துக்கொள்ளலாம். அறுபது நாள் பொறுத்துக்கொள்வது எளிதன்று.

மறதி நோயாளிகளுக்கு அவரவர் இளமைக்காலப் பாடல்களைத் தனித்தனியே ஐபாடில் ஏற்றித் தரும் முயற்சியை அமெரிக்காவில் டான் கோகன் என்பவர் 2006-இல் தொடங்கினார். வாய் திறவாதிருந்த முதியோர் சிலர் பாட்டைக் கேட்டதும் முகம் மலர்ந்து பேசிய காட்சிகள் உலகெங்கும் பரவின. பின்னர் ஐம்பதுக்கும் மேற்பட்ட முதியோர் இல்லங்களில் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தபோது, நோயாளிகளின் கிளர்ச்சியான நடத்தை அதனால் குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாகத் தெரியவில்லை. இதையும் நாம் அறிந்திருக்க வேண்டும். முகம் மலர்வது ஒன்று. நோய் மாறுவது மற்றொன்று. எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை. முகம் மலர்வதே போதும் என்னும் நாட்களும் நோயில் உண்டு.

எந்தக் கருவி?

எந்த நிறுவனத்தின் பொருளையும் நாங்கள் பரிந்துரைக்கவில்லை. கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரித்துச் சொல்கிறோம்.

முதல் வகை, பாடல்கள் ஏற்கெனவே நிரப்பப்பட்ட பெட்டி. பழைய கிராமபோன் கம்பெனியின் வழிவந்த சரிகம நிறுவனம் 2017-இல் அறிமுகப்படுத்திய கார்வான் இந்த வகையைச் சேர்ந்தது. தமிழ்ப் பாடல்கள் நிரப்பிய பெட்டியும் பின்னர் வந்தது. பழைய டிரான்சிஸ்டரைப் போன்ற தோற்றமும் திருகும் பொத்தானும் இருப்பதால் முதியோர் அச்சமின்றிக் கையாளுகின்றனர். இணையம் தேவையில்லை. ஆனால் உள்ளே நிரப்பிய பாடல்களை நம் விருப்பப்படி மாற்ற இயலாது. நோயாளி விரும்பும் பாட்டு அதில் இல்லையெனில் பென் டிரைவில் ஏற்றித் தனியே செருக வேண்டும். ஆகவே அந்த வசதி உள்ள மாதிரிதானா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாம் வகை, மெமரி கார்டும் பென் டிரைவும் ஏற்கும் சிறிய ஒலிபெருக்கிப் பெட்டி. விலை குறைவு, பாட்டு முழுக்க நம் தேர்வு. ஆனால் பொத்தான்கள் சிறியவை. ஒரே பொத்தானை அழுத்தினால் அடுத்த பாட்டு, அழுத்திப் பிடித்தால் ஒலி கூடுதல் என்று குழப்பும் மாதிரிகளே அதிகம். வாங்குமுன் கடையிலேயே கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள். உங்களுக்கே தடுமாறினால் நோயாளிக்கு அது உதவாது.

மூன்றாம் வகை, சட்டைப்பைக்குள் அடங்கும் எம்.பி.3 கருவி. 2001-இல் வந்த ஐபாடு ஆயிரம் பாட்டைச் சட்டைப்பைக்குள் அடக்கியது; 2022-இல் அதன் தயாரிப்பு நின்றது. அதே வகையிலான எளிய கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குத் தொந்தரவின்றித் தனியே கேட்க இவ்வகையே ஏற்றது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம். பகலில் 50 டெசிபெல், இரவில் 40 டெசிபெல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த வரம்பு. வாசலில் வண்டி ஹாரன் அடித்தால் முகம் சுளிக்கும் நாம், வார்டுக்குள் ஒலிபெருக்கியை அலறவிடுவது முறையன்று. மருத்துவமனையில் காதணி ஒலிப்பான், வீட்டில் பெட்டி என்று வைத்துக்கொள்வது நலம்.

எந்த வகையானாலும் நான்கு குணங்களைப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்படும் பெரிய பொத்தான்; நிறுத்திய இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கும் வசதி; ஒலிக்கு உச்ச வரம்பு வைக்கும் வசதி; அரைமணி நேரத்தில் தானே அணையும் உறக்க நேரக் கட்டுப்பாடு. நான்கும் ஒன்றில் கிடைக்காவிட்டால் முதலாவதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

யாருடைய பாட்டு?

கருவியைத் தேர்வதைவிடப் பாட்டைத் தேர்வதில்தான் குடும்பத்தார் அதிகம் தடுமாறுகின்றனர். நோயில் இருப்பவர் என்றதும் பக்திப் பாட்டும் மென்மையான வீணை இசையும்தான் உகந்தவை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அவர் விரும்பினால் நல்லதுதான். ஆனால் வாழ்நாள் முழுவதும் டப்பாங்குத்துப் பாட்டுக்குத் தலையசைத்தவரை நோய் வந்தவுடன் தோத்திரப் பாடலுக்கு மாற்றுவது எதற்காக? உடல்தான் நலிந்திருக்கிறது, ரசனை நலியவில்லை.

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் நிகழ்ந்தவை மனிதரின் நினைவில் ஆழமாகப் பதிகின்றன என்பது உளவியலார் கண்ட உண்மை. பாட்டுக்கும் இது பொருந்தும். ஆகவே நோயாளி பிறந்த ஆண்டோடு பத்தையும் முப்பதையும் கூட்டுங்கள். 1950-இல் பிறந்தவருக்கு 1960 முதல் 1980 வரையிலான பாடல்கள்; இலங்கை வானொலியும் விவித் பாரதியும் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. 1975-இல் பிறந்தவருக்கு 1985 முதல் 2005 வரை. டீக்கடை டேப் ரிக்கார்டரிலும் கம்பெனித் தளத்து ஒலிபெருக்கியிலும் கேட்ட பாடல்கள் அவருடையவை. இது ஒரு தொடக்கக் கணக்குதான். இறுதி விடையை அவரிடமே கேளுங்கள்.

பாட்டு என்றால் திரைப்பாட்டு மட்டுமே என்றும் எண்ண வேண்டாம். காங்கயம், தாராபுரம் பக்கத்து முதியோர் சிலருக்கு அண்ணன்மார் சுவாமி கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்பதே இன்பம். சிலருக்குக் கும்மிப் பாட்டு, சிலருக்கு நாதஸ்வரம், சிலருக்குத் தேவாலயப் பாட்டு, சிலருக்கு இஸ்லாமியப் பக்திப் பாடல். பாட்டே வேண்டாம், பட்டிமன்றம் போதும் என்போரும் உண்டு. இவை கடையில் நிரப்பிவரும் பெட்டியில் பெரும்பாலும் இரா. நாமேதான் தேடி ஏற்ற வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பனியன் தொழிலை நம்பி இங்கு வந்து வாழ்வோர் தேனி, மதுரை, நெல்லைப் பக்கத்தார் மட்டும் அல்லர். பீகார், ஒடிசா, ஜார்கண்டு மாநிலத்தவரும் ஏராளம். நம் வார்டில் படுத்திருக்கும் அவர்களுக்குச் சுற்றிலும் கேட்கும் பேச்சே பாதி புரிவதில்லை. போஜ்புரியிலோ ஒடியாவிலோ ஒரு பாட்டைக் கேட்பது அவர்களுக்கு ஊருக்குப் போய்வந்தது போல. உடன் தங்கியிருக்கும் தோழர்கள் ஒரு மெமரி கார்டில் இருபது பாட்டு ஏற்றிக் கொடுத்தால், பழம் வாங்கிவருவதைவிட அது மேலான உதவி.

பேச இயலாதவரிடம் எப்படிக் கேட்பது? ஒவ்வொரு பாட்டையும் ஓரிரு நிமிடம் ஒலிக்கவிட்டு அவரைக் கவனியுங்கள். கண் திறப்பது, விரல் தாளமிடுவது, உதடு அசைவது, மூச்சு சீராவது ஆகியவை இசைவின் அறிகுறிகள். நெற்றி சுருங்குவது, முகத்தைத் திருப்புவது, கையை இழுத்துக்கொள்வது, மூச்சு விரைவது ஆகியவை மறுப்பு. கண்ணீர் வந்தால் மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். ஆறுதலும் கண்ணீராக வரும்; துயரமும் வரும். மறைந்த துணைவரோடு கேட்ட பாட்டு சிலருக்கு மருந்து, சிலருக்கு ரணம். சைகையால் கேளுங்கள், ஐயம் இருந்தால் அந்தப் பாட்டைத் தனியே எடுத்து வையுங்கள்.

இது குடும்பத்தாரின் கடமை மட்டும் அன்று. சேர்க்கையின்போது சர்க்கரை உண்டா, மருந்து ஒவ்வாமை உண்டா, சைவமா அசைவமா என்று கேட்டு எழுதும் மருத்துவமனைகள், என்ன பாட்டுப் பிடிக்கும் என்று ஒரு வரியைக் கேஸ் ஷீட்டில் சேர்த்து எழுதுவது நல்ல வழக்கம் என்பது எங்கள் கருத்து. நோயாளி பேச்சிழக்கும் நாள் வருமானால், அந்த ஒரு வரி அவருக்காகப் பேசும்.

கருவியை அவருக்கேற்பத் தைப்பது

சட்டையை அளவெடுத்துத் தைப்பது போலக் கருவியையும் ஆளுக்கேற்ப அமைக்கலாம். தையலுக்குப் பேர்போன ஊரில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பாட்டின் எண்ணிக்கை. வழக்கமான 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கு ஏறக்குறைய 1 எம்.பி. இடம் போதும். 1 ஜி.பி. கார்டில் ஐந்து நிமிடப் பாடல்கள் 200 அடங்கும். ஆகவே பெரிய கார்டு தேவையில்லை. பல சிறிய கருவிகள் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டைப் படிப்பதும் இல்லை. ஐயாயிரம் பாட்டில் விரும்பியதைத் தேடி அலைவதைவிட, விரும்பிய ஐம்பது பாட்டு வரிசையாக வருவது நோயாளிக்கு எளிது. வாரம் ஒருமுறை நான்கைந்து பாட்டை மாற்றுங்கள்.

வரிசையும் முக்கியம். மலிவான கருவிகள் சில பெயர் வரிசையில் பாடும். சில, கார்டில் ஏற்றிய வரிசையில் பாடும். ஒவ்வொரு பாட்டின் பெயருக்கு முன்னும் 001, 002 என்று எண்ணிட்டு, அதே வரிசையில் ஏற்றினால் இரண்டிலும் குழப்பம் வராது. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, உறக்கத்திற்கு ஒன்று என மூன்று தொகுப்புகள் வைப்பது நாள் எது, பொழுது எது என்று மயங்குவோருக்குத் துணையாகும்.

பழைய பாடல்களின் பதிவு மெல்லியது. புதிய பாடல்களின் பதிவு உரத்தது. பழைய பாட்டுக்காகக் கூட்டிவைத்த ஒலியில் புதிய பாட்டு தொடங்கினால் நோயாளி திடுக்கிடுவார். எல்லாப் பாட்டின் ஒலியையும் ஒரே மட்டத்திற்குக் கொண்டுவரும் இலவச மென்பொருள்கள் கணினியில் உண்டு. பாட்டு ஏற்றித் தரும் கடைக்காரரிடம் கேட்டாலும் செய்து தரக்கூடும்.

ஒரு காது மட்டும் கேட்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஸ்டீரியோ பதிவில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் மறுபக்கமும் பிரிந்து வருவதுண்டு. ஒற்றைக் காதில் மாட்டினால் பாதிப் பாட்டு காணாமற்போகும். கைப்பேசியின் அணுகல் அமைப்பில் ‘மோனோ’ என்ற தெரிவை இயக்கினால் இரண்டும் ஒரே காதில் சேர்ந்து வரும்.

பக்கவாதத்தில் இடப்பக்க உணர்வை இழந்தவருக்குக் கருவி இடப்பக்கம் இருந்தால் இல்லாதது போலவே. அவர் கண்ணும் கையும் எட்டும் பக்கத்தில் வையுங்கள். ‘தொடங்கு–நிறுத்து’ பொத்தானின்மேல் தடித்த பொட்டு அல்லது சிறு துணித்துண்டை ஒட்டினால் இருட்டிலும் விரல் கண்டுகொள்ளும். தேவையற்ற பொத்தான்களை ஒட்டுத்தாளால் மறையுங்கள். கட்டிங் வேஸ்ட் பனியன் துணியில் நாடா வைத்து ஒரு பை தைத்துக் கட்டில் கம்பியில் கட்டிவிட்டால் கருவி கீழே விழாது. வாரம் இரண்டு முறை துவைக்கவும் இயலும்.

எவ்வளவு ஒலி?

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் இணைந்து 2019-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, பெரியவர்களுக்குப் பாதுகாப்பான அளவு 80 டெசிபெலில் வாரத்திற்கு 40 மணி நேரம். சிறுவர்களுக்கு 75 டெசிபெலில் 40 மணி நேரம். ஒலி 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் கேட்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி. வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி என டயாலிசிஸ் செய்துகொள்பவர் அங்கேயே 12 மணி நேரம் பாட்டுக் கேட்கிறார் எனில், 86 டெசிபெலே அவருக்கு வரம்பு மீறியது.

டெசிபெலை அளக்க வீட்டில் கருவி இராது. மூன்று எளிய அளவுகோல்கள் போதும். ஒலியளவு உச்சத்தின் 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. காதில் மாட்டியிருக்கும்போது ஒரு கை தூரத்தில் இருப்பவர் இயல்பாகப் பேசுவது கேட்க வேண்டும். மாட்டியிருப்பவரின் பாட்டு அந்தத் தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது.

நம் பகுதிக்கே உரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் 90 டெசிபெலைத் தாண்டுவது இயல்பு. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்று. அந்தச் சத்தத்தில் பல ஆண்டு உழைத்தவர் நோயாளியானால், “கேட்கவில்லை, இன்னும் கூட்டு” என்பார். ஒலியைக் கூட்டுவது தீர்வன்று. அவர் இழந்திருப்பது பெரும்பாலும் கீச்சென்ற உயர் அதிர்வெண்களை. அதனால் ‘ச’, ‘த’ போன்ற எழுத்தொலிகள் மங்கி, பாட்டின் சொல் புரியாமற்போகிறது. கருவியில் ‘பேஸ்’ அளவைக் குறைத்து ‘ட்ரெபிள்’ அளவைச் சற்றுக் கூட்டினால், ஒலியைக் கூட்டாமலே சொல் தெளியக்கூடும். செவித்திறன் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

வேலையிலிருந்து நேரே வரும் துணைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரைச்சலில் எட்டு மணி நேரம் இருந்த காது சில மணி நேரம் மந்தமாக இருக்கும். அந்தக் காதால் நோயாளிக்கு ஒலியளவு வைத்தால் அது மிகையாகவே அமையும். ஒலியை நோயாளியே வைக்கட்டும். இயலாவிட்டால், ஓய்வெடுத்த காது உடையவர் வைக்கட்டும்.

அமிகாசின், ஜென்டமைசின் போன்ற ஊசிகளும் புற்றுநோய்க்குத் தரும் சிஸ்பிளாட்டினும் காது நரம்பைப் பாதிக்கக் கூடியவை. இவற்றைப் பெறுவோர் மற்றவரைவிடக் குறைந்த ஒலியில் கேட்பது நலம். காதில் இரைச்சல் புதிதாகத் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை

இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பாட்டுக்கருவியையும் காதணி ஒலிப்பானையும் அதிலிருந்து 15 செ.மீ. தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். ஒலிப்பானில் காந்தம் உண்டு. அந்தப் பக்கச் சட்டைப்பையில் கருவியை வைப்பதும், கேட்டு முடித்தபின் ஒலிப்பானை மார்பில் தொங்கவிடுவதும் வேண்டாம். மூளை நீரை வடிக்கும் குழாயில் வெளியிலிருந்து அளவு மாற்றக்கூடிய வால்வு உள்ளவர்கள் காந்தம் உள்ள எதைத் தலையருகே கொண்டுவருமுன்னும் மருத்துவரைக் கேளுங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் எந்தக் கருவியும் போகக் கூடாது.

ஆக்சிஜன் ஓடும் கட்டிலருகே சார்ஜ் போடாதீர்கள். தலையணைக்கு அடியில் வைத்தும் சார்ஜ் போடாதீர்கள். காதில் சீழ் அல்லது புண் இருந்தால் காதுக்குள் செருகும் வகை வேண்டாம். ஒருவர் காதணியை இன்னொருவர் மாட்ட வேண்டாம். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் நாள்தோறும் துடையுங்கள். தனியே படுத்திருப்பவர் இரு காதையும் அடைத்துக்கொண்டால் செவிலியர் அழைப்பும் கருவிகளின் எச்சரிக்கை ஒலியும் கேட்காமற்போகும். ஒரு காது திறந்திருக்கட்டும். நடைப்பயிற்சியின்போது பாட்டு வேண்டாம். கவனம் காலடியில் இருக்கட்டும்.

பாட்டு நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. காலையில் அரைமணி, மாலையில் அரைமணி என்று தொடங்கி, மேலும் வேண்டுமா என்பதை நோயாளியின் விருப்பத்திற்கு விடுங்கள். இடைவிடாமல் ஒலிக்கும் பாட்டும் ஓர் இரைச்சலே. உறங்க வேண்டிய இரவில் அது தூக்கத்தையும் கெடுக்கும். குழப்ப நிலையில் இருப்பவரின் மயக்கத்தையும் கூட்டும்.

கருவி வாங்கும்போது நாம் எல்லோரும் ஒலி எப்படி, பேட்டரி எத்தனை மணி, பாட்டு எத்தனை என்று கேட்கிறோம். இவற்றோடு, நோயாளி பிறர் துணையின்றி இதை நிறுத்த இயலுமா என்றும் கேளுங்கள். அமைதியாக இருக்க விரும்பும் நேரமும் அவருடையதே. பாடச் சொல்லும் பொத்தானைப் போலவே, போதும் என்று சொல்லும் பொத்தானும் அவர் விரலுக்கு எட்ட வேண்டும்.